தேக்குப் படிக்கட்டுக்கு உப்புத்தாள் போடத் தெரிஞ்சவங்க உதவுங்க

வணக்கம். காரைக்குடியில எங்க தாத்தா காலத்து வீடு. மாடிப்படி, கைப்பிடி எல்லாமே பர்மா தேக்கு. பழைய வார்னிஷ் கறுத்து, நடுவுல பெயர்ந்து, ஓரத்துல பிசினா ஒட்டியிருக்கு. எல்லாத்தையும் எடுத்துட்டு மறுபடி பாலிஷ் போடணும்.

படிப்பலகையை மெஷின்ல 80 நம்பர் தாள்ல ஆரம்பிச்சு 120, 180ன்னு மரத்தோட ரேகை போற வாக்குலயே தேய்க்கலாம்னு இருக்கேன். கவலையெல்லாம் கைப்பிடிக்குக் கீழ உள்ள கடைசல் கம்புகள்தான். வளையத்துக்கு நடுவுல இருக்கிற பள்ளத்துல மெஷின் போகாது, அழுத்தித் தேய்ச்சா விளிம்பு மழுங்கிடும். அந்த மாதிரி வேலை இனி அமையாதுங்க. அங்க பழைய வார்னிஷை இளக்கி எடுக்கிற ரிமூவர் தடவிச் சுரண்டலாமா? இல்ல துணி ஒட்டின உப்புத்தாளை நாடா மாதிரி கிழிச்சு, கம்பைச் சுத்திப் போட்டு இழுத்தா போதுமா? ரிமூவர் போட்ட இடத்துல பாலிஷ் பிடிக்குமா?

பழைய தேக்குல கை வச்ச ஆசாரி யாராவது பக்கத்துல இருந்தாலும் சொல்லுங்க.