குறுந்தொகைக்குப் பேராசிரியர் உரை எங்கே கிடைக்கும்?

மூன்றாம்பெஞ்சு:
எம்.ஏ. தமிழ் முதலாண்டு படிக்கிறேன். 'குறுந்தொகையில் இரவு' என்று ஒரு செமினார் கட்டுரை, வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். குறுந்தொகைக்குப் பேராசிரியர் என்ற பெயருள்ள பழைய உரையாசிரியர் உரை எழுதினார் என்று வகுப்பில் குறித்து வைத்திருக்கிறேன். இரண்டு மத்தியானமாகக் கல்லூரி நூலகக் கணினியில் தேடுகிறேன். 'பேராசிரியர்' என்று போட்டால் எங்கள் கல்லூரிப் பேராசிரியர்கள் எழுதிய புத்தகமெல்லாம் வருகிறது. 'குறுந்தொகை' என்று போட்டால் இரண்டே இரண்டு, அதிலும் ஒன்று தேர்வு நோட்ஸ். வெளியூர் நூலகத்துக்குத்தான் போகணுமா?

சுக்குக்காப்பி:
எதற்கு அலைச்சல்? போனில் தேடினால் 401 பாட்டும் உரையோடு வருகிறதே.

கரூர்க்காரி:
பாட்டு வரும். யார் உரை, எந்தப் பதிப்பு என்று பாதி இடத்தில் போட்டிருக்க மாட்டார்கள். வைவாவில், அதுதான் வாய்மொழித் தேர்வில், அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

தம்பி, நீ தேடுவது எந்த ஊரிலும் இல்லை. பேராசிரியர் 380 பாட்டுக்கும் மீதி 20-க்கு நச்சினார்க்கினியரும் உரை எழுதியதாகப் பழைய குறிப்பு இருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு உரையுமே நமக்குக் கிடைக்கவில்லை. நானும் ஒரு வாரம் இப்படித் தேடி அசடு வழிந்தவள்தான்.

கணினியை ரொம்ப நம்பாதே. நான் படித்த இடத்தில் தமிழ்ப் புத்தகப் பெயர்களை ஆங்கில எழுத்தில் ஏற்றியிருந்தார்கள். குறுந்தொகையில் வரும் 'கை'க்கு ஒருவர் ஜி போட்டிருப்பார், இன்னொருவர் கே. புத்தகங்களை வகை பிரிக்கும் டியூயி எண்தான் ஒட்டியிருக்கிறார்கள் என்றால் 894.811 அலமாரிக்கு நேரே போ, தமிழ் இலக்கியம் அங்கேதான். கீழ்த்தட்டையும் குனிந்து பார். உ.வே.சா. பதிப்பு எனக்கு அங்கேதான் கிடைத்தது. முதுகில் பழுப்புத்தாள் ஒட்டி, பெயர்கூட எழுதாமல்.

1915-லேயே சௌரிப்பெருமாள் அரங்கனார் குறுந்தொகையை அச்சிட்டுவிட்டார். ஆனால் உன் வேலைக்கு 1937-இல் வந்த உ.வே.சா. பதிப்புதான் சரி. பாட்டுக்குக் கீழே 'ஒப்புமைப் பகுதி' என்று இருக்கும். இந்தச் சொல்லும் கருத்தும் வேறு எந்தப் பாட்டில் வருகிறது என்று குறித்துக்கொண்டே போவார். அதைப் பிடித்துக்கொண்டு போ.

6-ஆம் பாட்டில் ஆரம்பி. 'நள்ளென் றன்றே யாமம்', அதாவது நள்ளிரவு; ஊரே தூங்குகிறது, தலைவி ஒருத்திக்குத் தூக்கமில்லை. நெடுநல்வாடை என்ற இன்னொரு சங்கப் பாட்டு முடிகிற இடத்திலும் அதே நள்ளென் யாமம்தான். அங்கே தூங்காதவன் பாசறையில் இருக்கும் வேந்தன், புண்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டு நடக்கிறான். இதிலேயே உனக்கு இரண்டு பக்கம் தேறும். அப்புறம் 28, ஔவையார் பாட்டு. தூங்குகிற ஊரைப் பார்த்து முட்டவா தாக்கவா என்கிறாள்.

மூன்றாம்பெஞ்சு:
அக்கா, கிடைத்துவிட்டது! ஆனால் ரெஃபரன்ஸ் முத்திரை குத்தியிருக்கிறது, வீட்டுக்குத் தரமாட்டார்களாம்.

கரூர்க்காரி:
நல்லதுதான், உட்கார்ந்து படிப்பாய். வேண்டிய பக்கங்களை ஜெராக்ஸ் எடு, முகப்புப் பக்கத்தையும் சேர்த்து. நான் அதை விட்டுவிட்டு, பதிப்பாண்டு பார்க்க மட்டும் இன்னொரு முறை பஸ் ஏறினேன்.

மூன்றாம்பெஞ்சு:
எடுத்துவிட்டேன். புரட்டும்போது 138 கண்ணில் பட்டது. 'கொன்னூர் துஞ்சினும் யாம் துஞ்சலமே', ஊர் தூங்கினாலும் தூக்கமில்லை என்கிறாள். பக்கத்தில் நொச்சிப்பூ உதிர்கிற சத்தம்கூட அவளுக்குக் கேட்கிறது. கட்டுரையை இதிலிருந்தே தொடங்கப் போகிறேன்.