செலக்ஷன் தெரியவில்லை, பிரஷ் பூசவில்லை: உதவுங்கள்

கேள்வி:
வணக்கம். ஃபோட்டோஷாப் இப்போதுதான் பழகுகிறேன். ஒருவர் படத்தின் பின்னணியை எடுக்க, லாஸோவால் (கையால் வரைந்து தேர்வு செய்யும் கருவி) காதோரம் சின்னச் சின்னப் பகுதிகளாகத் தேர்வு செய்துகொண்டிருந்தேன். ஷார்ட்கட் பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். திடீரென்று பிரஷ் பூசுவதை நிறுத்திவிட்டது. காதுப் பக்கம் மட்டும் புகை மாதிரி லேசாக நிறம் விழுகிறது, வேறெங்கும் ஒன்றுமில்லை. லேயர் பூட்டப்படவில்லை, ஒபாசிட்டி 100. தேர்வான பகுதியைச் சுற்றி ஓடும் புள்ளிக்கோடு எதுவும் திரையில் இல்லை.

இன்னொன்று: ஷிஃப்ட் பிடித்துப் புதுப் பகுதியைச் சேர்க்கப் போனால் சில நேரம் பழையது காணாமல் போகிறது. மார்க்கீயில் (செவ்வகமாகத் தேர்வு செய்யும் கருவி) சில நேரம் சதுரமாக வருகிறது. என்ன கணக்கு இது?

பதில்:
கண்ட்ரோல் + டி அழுத்திவிட்டுப் பிரஷ்ஷை ஓட்டிப் பாருங்கள். சரியானால், கண்ணுக்குத் தெரியாத செலக்ஷன் (தேர்வு செய்த பகுதி) ஒன்று உயிரோடு இருந்திருக்கிறது. செலக்ஷன் இருக்கும்வரை பிரஷ், அழிப்பான், டெலீட் எல்லாமே அதற்குள் மட்டும்தான் வேலை செய்யும். கண்ட்ரோல் + எச் கை தவறிப் பட்டிருக்கலாம். அது கோட்டை மறைக்குமே தவிர செலக்ஷனை நீக்காது.

ஷிஃப்ட் விஷயம்: அந்த விசை என்ன செய்யும் என்பது எப்போது அழுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஏற்கெனவே செலக்ஷன் இருந்து, மவுஸை அழுத்துவதற்கு முன்பே ஷிஃப்ட் பிடித்தால் சேர்க்கும். இழுக்க ஆரம்பித்த பிறகு பிடித்தால் பழையது அதற்குள் போய்விட்டிருக்கும், மார்க்கீ சதுரமாகும். சேர்க்கவும் வேண்டும், சதுரமாகவும் வேண்டும் என்றால் ஷிஃப்ட் பிடித்து இழுக்கத் தொடங்கி, மவுஸை விடாமலே ஷிஃப்டை மட்டும் விட்டு மறுபடி பிடியுங்கள். ஆல்ட்டும் இப்படித்தான். செலக்ஷன் இருந்தால் கழிக்கும், இல்லாவிட்டால் மார்க்கீயை நடுவிலிருந்து வரையும். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் பொதுவான பகுதி மட்டும் மிஞ்சும்.

பட்டியலை மனப்பாடம் செய்வதை விட்டுவிடுங்கள். ஷிஃப்ட், ஆல்ட், கண்ட்ரோல் + டி மூன்றும் கையில் படிந்தாலே பாதி வேலை முடிந்தது. அப்புறம் இழுக்கும்போதே ஸ்பேஸ்பாரைப் பிடித்தால் மார்க்கீயை நகர்த்தலாம். இது தெரியாமலே பல காலம் ஓட்டுபவர்கள் உண்டு.

கேட்டவர்:
நன்றி! கண்ட்ரோல் + டி அழுத்தியதும் பிரஷ் பூசுகிறது. ஷிஃப்டும் புரிந்தது. ஆனால் லாஸோவால் மறுபடி காதோரம் வரைந்தால் அதே கதை, கோடு தெரியவில்லை. கண்ட்ரோல் + எச் அழுத்தினாலும் மாற்றமில்லை. வரைந்ததும் ஒரு எச்சரிக்கைப் பெட்டி வருகிறது. ஐம்பது சதவீதம் என்று ஏதோ சொல்கிறது.

இன்னொருவர்:
அந்தப் பெட்டிதான் விடை. எந்தப் பிக்சலும் 50 சதவீதத்துக்கு மேல் தேர்வாகவில்லை, அதனால் ஓரக்கோடு தெரியாது என்பதுதான் அது சொல்வது. முதல் பதிவில் "புகை மாதிரி" என்று சொன்னபோதே ஃபெதராகத்தான் (தேர்வின் ஓரத்தைக் கரைத்து மென்மையாக்கும் அமைப்பு) இருக்கும் என்று தோன்றியது.

லாஸோவை எடுத்துக்கொண்டு மேலே ஆப்ஷன்ஸ் பட்டையில் ஃபெதர் எண்ணைப் பாருங்கள். 40, 50 என்று ஏதாவது இருக்கும். ஒருமுறை போட்டால் நாம் மாற்றும்வரை அப்படியே நிற்கும். 30 பிக்சல் அகலப் பகுதிக்கு 50 பிக்சல் ஃபெதர் கொடுத்தால் ஓரம் கரைந்து கரைந்து நடுவே முழுதாகத் தேர்வான இடமே இருக்காது. புள்ளிக்கோடு 50 சதவீத எல்லையில்தான் ஓடும், அந்த எல்லையே இல்லாதபோது எதைக் காட்டும்?

அங்கே 0 போட்டுவிடுங்கள். மென்மையான ஓரம் வேண்டுமானால் செலக்ஷன் முடிந்த பிறகு ஷிஃப்ட் + எஃப்6 அழுத்தி அளவு கொடுங்கள். எவ்வளவு கரைகிறது என்று கண்ணால் பார்க்க க்யூ அழுத்துங்கள். அப்போது வரும் குயிக் மாஸ்க் என்ற காட்சியில் தேர்வாகாத பகுதி சிவப்பாகத் தெரியும். மறுபடி க்யூ அழுத்தினால் வெளியே வந்துவிடலாம்.

வேறொருவர்:
கிம்ப் (ஃபோட்டோஷாப் போன்ற இன்னொரு மென்பொருள்) பயன்படுத்துபவர்கள் கவனிக்க: மேலே சொன்ன விசைகளில் சில அங்கே பொருந்தாது. கண்ட்ரோல் + டி படத்தின் நகலைத் திறக்கும். செலக்ஷனை நீக்க கண்ட்ரோல் + ஷிஃப்ட் + ஏ. கழிக்க ஆல்ட் இல்லை, கண்ட்ரோல்.

கேட்டவர்:
ஃபெதர் 60-இல் இருந்தது! 0 ஆக்கியதும் கோடு வந்துவிட்டது. கடைசியாக ஒரு சின்னக் கேள்வி: எல் அழுத்தினால் சில சமயம் லாஸோ வருவதே இல்லையே?

இன்னொருவர்:
தமிழ்த் தட்டச்சு செயலில் இருக்கிறதா பாருங்கள், ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு அழுத்துங்கள். எழுத்துக் கருவியில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தாலும் எல் என்ற எழுத்துதான் விழும், எஸ்கேப் கொடுத்து வெளியே வந்த பிறகு அழுத்துங்கள். வேறு வகை லாஸோ வேண்டுமென்றால் ஷிஃப்ட் + எல்.