5000 கேட்டேன், 1444 வந்தது: பஃபர் போட்டால் போதுமா?

வைகைக்கரை:
ஜாவாவில் ஒரு சர்வர் எழுதுறேன். கேமரா முதல்ல 4 பைட்ல நீளத்தை அனுப்பும், பின்னாடியே ஜேபெக் படம். சாக்கெட்டை (நெட்வொர்க் இணைப்பை) பஃபர்டு இன்புட் ஸ்ட்ரீமுக்குள்ள, அதாவது வர்ற பைட்டை பஃபர்ல சேர்த்து வெச்சுக் கொடுக்கிற ஸ்ட்ரீமுக்குள்ள வெச்சு, அந்த நீளத்துக்கு ரீட் ஒரே தடவை கூப்பிடுறேன். ஒரே லேப்டாப்ல ரெண்டு பக்கமும் ஓட்டினப்போ சிக்கலே இல்ல. நேத்து ரெண்டு மெஷின்ல பிரிச்சுப் போட்டதும் முதல் படம் அரைகுறையா வந்துச்சு. அடுத்த படத்துக்கு நீளம் மைனஸ்ல வந்து நெகட்டிவ் அரே சைஸ் எக்ஸெப்ஷன். லாக்ல பார்த்தா 5000 பைட் கேட்ட இடத்துல ரீட் 1444னு திருப்பியிருக்கு.

பழைய_ஸ்ட்ரீம்:
கேமரா பக்கம் பாருங்க தம்பி. கேட்ட அளவு நிரம்புற வரை உள்ளே இருக்கும் ஸ்ட்ரீமைத் திரும்பத் திரும்பப் படிக்கத்தான் பஃபர்டு ஸ்ட்ரீம். ஃபைல்ல இத்தனை வருஷமா எனக்கு ஒரு பைட் குறைஞ்சதில்ல. பஃபரை 8192லிருந்து 65536 ஆக்குங்க.

பைட்_எண்ணி:
அண்ணா, நீங்க சொன்னது ஜாவா ஆவணத்துல இருக்கு, ஆனா அதுக்கு அடுத்த வரியும் இருக்கு. உள்ளே இருக்கும் ஸ்ட்ரீமோட அவெய்லபிள் (காத்திருக்காம இப்பவே படிக்கக்கூடிய பைட் எண்ணிக்கை) சைபர்னு சொன்னா, கிடைச்சதோட திரும்பிடும். ஃபைல்ல கடைசி பைட் வரை அவெய்லபிள் மிச்சம் காட்டும், அதான் உங்களுக்குக் குறையல. சாக்கெட்ல அடுத்த பாக்கெட் வழியில இருந்தாலே சைபர்தான்.

1444ஐக் கவனிங்க. ஈதர்நெட்ல ஒரு பாக்கெட் 1500 பைட். ஐபி ஹெடர் 20, டிசிபி ஹெடர் 20, டைம்ஸ்டாம்ப் 12 போனா 1448. அதுல 4ஐ நீளத்துக்குப் படிச்சாச்சு, மிச்சம் 1444. லினக்ஸ் லூப்பேக்ல (ஒரே மெஷினுக்குள்ள நடக்கிற இணைப்பு) எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டோட அதிகபட்ச அளவு, 65536, அதனாலதான் ஒரே லேப்டாப்ல முழுசா வந்துச்சு. மிச்சப் படத்தோட நாலு பைட்டைத்தான் அடுத்த நீளம்னு படிச்சிருக்கீங்க. முதல் பைட் 128 அல்லது அதுக்கு மேல இருந்தா மைனஸ்தான். பஃபரை எவ்வளவு பெருசாக்கினாலும் வராத பாக்கெட் வந்துடாது.

பழைய_ஸ்ட்ரீம்:
சரி, அவெய்லபிள் 5000 ஆகுற வரை காத்திருந்து படிக்கலாமே?

பைட்_எண்ணி:
தயவுசெஞ்சு வேணாம். அதுவரை சிபியூ சும்மா சுத்தும். படம் கெர்னலோட (ஓஎஸ்ஸோட மையப் பகுதி) ரிசீவ் பஃபரை விடப் பெருசா இருந்தா அந்த எண் வரவே வராது, நிரந்தரமா நின்னுடும். எதிர்ப்பக்கம் இணைப்பை மூடினாலும் தெரியாது.

நள்ளிரவு_கோடர்:
ஜாவா 11லிருந்து ரீட் என் பைட்ஸ் இருக்கே. நீளத்தைக் கொடுத்தா அதுவே லூப் போட்டுப் படிச்சுத் தரும். ஒரு வரியில முடிஞ்சுது.

பைட்_எண்ணி:
இதுலயும் எனக்கு உடன்பாடில்ல. நடுவுல ஸ்ட்ரீம் முடிஞ்சா அது எக்ஸெப்ஷன் போடாது, குறைஞ்ச அரேயைச் சத்தமில்லாம கொடுக்கும். நீளத்தைச் சரிபார்க்க மறந்தா திரும்ப அதே அரைகுறைப் படம். டேட்டா இன்புட் ஸ்ட்ரீமோட ரீட் ஃபுல்லி முதல் ஜாவாவிலிருந்தே இருக்கு. கேட்டது முழுசா வரும், இல்லேன்னா இஓஎஃப் (ஸ்ட்ரீம் முடிஞ்சுது) எக்ஸெப்ஷன். நீளம் சொல்லி அனுப்புற புரோட்டோகாலுக்கு அதுதான் பொருந்தும்.

பழைய_ஸ்ட்ரீம்:
பஃபர் விஷயத்துல நீங்க சொன்னது சரி, ஏத்துக்கிறேன். ஆனா ரீட் ஃபுல்லியும் எல்லா இடத்துக்கும் ஆகாது. சாக்கெட்ல டைம்அவுட் வெச்சிருந்து பாதியில அது வெடிச்சா, எத்தனை பைட் வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது. விட்ட இடத்துலிருந்து தொடர முடியாது. நான் கையாலதான் லூப் எழுதுவேன்: வந்ததைக் கூட்டிக்கிட்டே போய், மைனஸ் 1 வந்தா பிழைன்னு நிறுத்துவேன்.

பைட்_எண்ணி:
டைம்அவுட்டுக்கு அப்புறமும் அதே இணைப்புல தொடரணும்னா உங்க லூப்தான் சரி அண்ணா. நான் இணைப்பையே மூடிட்டுப் புதுசா ஆரம்பிப்பேன், அதனால எனக்கு ரீட் ஃபுல்லி போதும்.

வைகைக்கரை:
ரீட் ஃபுல்லி போட்டு ரெண்டு மெஷின்லயும் ஓட்டிட்டேன், படங்கள் முழுசா வருது. கேமரா வயரைப் பாதிப் படத்துல பிடுங்கினேன். இஓஎஃப் வரும்னு காத்திருந்தா எதுவுமே வரல, அப்படியே நிக்குது. மூடுறேன்னு சொல்லாமலே எதிர்ப்பக்கம் போயிடுச்சுல்ல. இப்போ 10 விநாடி டைம்அவுட் சேர்த்திருக்கேன். வெடிச்சா மூடிடுறேன்.