எஃப்பிஎஸ் குறையவில்லை, ஆனாலும் விளையாட்டு இடையிடையே திக்குகிறது: காரணம் என்ன?

கேள்வி (தங்கச்சிமடம்)

அனைவருக்கும் வணக்கம். உதிரிபாகங்கள் வாங்கி நானே பூட்டிய கணினியில் ஐப்பசி மாதத்திலிருந்து ஒரு தொல்லை இருந்து வருகிறது. விளையாட்டு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, எந்த ஒழுங்கும் இல்லாமல், படம் கண் இமைக்கும் நேரம் நின்றுவிட்டுப் பிறகு ஓடுகிறது. ஒலி தடைபடுவதில்லை. இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டுத் தனியாக விளையாடினாலும் இதே நிலைதான்.

ரைசன் 5 5600 செயலி, பி550 மதர்போர்டு, இரண்டு 8 ஜிபி ராம், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, ஒரே ஒரு 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஆகியவை உள்ளன. சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு வரும் ஃபிரேம்கள், அதாவது படங்கள்) 110 வரை வருகிறது. சூடும் 75 டிகிரியைத் தாண்டுவதில்லை. டிரைவரை அடியோடு நீக்கிப் புதிதாக நிறுவியும், விண்டோஸையே மறுபடி நிறுவியும் பயன் இல்லை. காலையில் கணினியைப் போட்டதும் திக்கல் அதிகமாகவும், ஓடி ஓடிச் சூடேறிய பிறகு குறைவாகவும் இருப்பதாகத் தோன்றுகிறது. புது கிராபிக்ஸ் கார்டு வாங்குவதுதான் வழியா?

பதில் (பரமக்குடி)

மின்னழுத்த ஏற்ற இறக்கமாக இருக்கலாம். நல்ல யுபிஎஸ் ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

பதில் (கீழக்கரை)

யுபிஎஸ் நம் ஊருக்கு எப்படியும் தேவைதான். ஆனால் மின்னழுத்தம் தாழ்ந்தால் கணினி அணைந்து மீண்டும் எழுமே தவிர, படம் மட்டும் திக்கி, ஒலி சீராக ஓடிக்கொண்டிராது. தம்பி, கார்டு வாங்கும் யோசனையைச் சற்றுத் தள்ளி வையுங்கள்.

சராசரி எஃப்பிஎஸ் இந்த நோயைக் காட்டாது. 110 எஃப்பிஎஸ் என்றால் ஒரு ஃபிரேமுக்கு ஏறத்தாழ 9 மில்லிநொடி ஆகிறது என்று பொருள். ஒரு நிமிடத்தில் வரும் ஆயிரக்கணக்கான ஃபிரேம்களில் ஒன்று மட்டும் 150 மில்லிநொடி எடுத்துக்கொண்டால், கண் அதைத் திக்கலாக உணரும், சராசரியோ ஏறக்குறைய அசையாமல் நிற்கும். ஆகவே ஆஃப்டர்பர்னர் என்ற கண்காணிப்பு மென்பொருளில் ஃபிரேம் டைம் வரைபடத்தைத் திறந்து வைத்து விளையாடுங்கள். புதிய இடத்துக்குள் முதன்முறை நுழையும்போது மட்டும் கோடு எகிறினால் அது ஷேடர் (கார்டு காட்சியை வரையப் பயன்படுத்தும் சிறு நிரல்) தொகுக்கும் வேலை. ஏற்கெனவே சுற்றிய இடத்திலும் எகிறினால் வேறு காரணம்.

ரைசன் என்பதால் இன்னொன்றையும் விலக்கிவிட வேண்டும். எஃப்டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி இயங்கும் சில ரைசன் கணினிகளில் இடையிடையே திக்கல் வருவதை ஏஎம்டியே 2022 மார்ச்சில் ஒப்புக்கொண்டு, பின்னர் பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) புதுப்பிப்பில் திருத்தியது. அதில் பெரும்பாலும் ஒலியும் சேர்ந்து தடுமாறும் என்பதால் உங்களுடையது அதுவாகத் தெரியவில்லை. இருந்தாலும் பயாஸின் தேதியைப் பாருங்கள்.

அதன்பின் விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியைத் திறந்து, வன்பொருள் பிழைகளைப் பதியும் டபிள்யுஎச்இஏ-லாகர் என்ற பெயரில் மஞ்சள் எச்சரிக்கைகள் உள்ளனவா என்று தேடுங்கள். கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளில், மதர்போர்டுடனான இணைப்பைக் காட்டும் பஸ் இன்டர்ஃபேஸ் வரியையும் பார்த்து எழுதுங்கள். கார்டு சும்மா இருக்கும்போது மின்சாரத்தை மிச்சப்படுத்த இணைப்பின் வேகம் தாழ்ந்து 1.1 என்று காட்டும்; அதைக் கண்டு பயப்படாமல், பக்கத்திலுள்ள கேள்விக்குறியை அழுத்திக் கார்டுக்கு வேலை கொடுத்துவிட்டுப் படியுங்கள்.

கேட்டவர்

பயாஸ் 2023ஆம் ஆண்டுக்கு உரியது. திக்கல் பழகிய இடங்களிலும் வருகிறது. ஈவென்ட் வியூவரில் 17 என்ற எண்ணுடன் டபிள்யுஎச்இஏ எச்சரிக்கைகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ரூட் போர்ட் என்றும், திருத்தப்பட்ட வன்பொருள் பிழை என்றும் இருக்கிறது. ஜிபியு-இசட், வேலை கொடுத்த பிறகும், 16 தடம் (தரவு போகும் இணை வழிகள்) இருக்க வேண்டிய இடத்தில் 8 என்றே காட்டுகிறது. கணினி வடக்குப் பக்கச் சன்னலின் கீழ் இருக்கிறது. சன்னல் கம்பி துருப்பிடித்துப் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது.

பதில் (கீழக்கரை)

அந்த எச்சரிக்கைகளே போதும். கார்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையே பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பில் போகும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்துடனும் ஒரு சரிபார்ப்பு எண் சேர்ந்து போகிறது. அது பொருந்தாவிட்டால், பெற்ற பக்கம் மறுத்துவிட, அனுப்பிய பக்கம் மீண்டும் அனுப்புகிறது. இதனால்தான் கணினி விழாமல் பிழை 'திருத்தப்பட்டது' என்று பதிவாகிறது. பிழை தொடர்ந்து மிகும்போது இணைப்பையே மறுபடி சீர்படுத்திக்கொள்ள நேரிடுகிறது, அந்த இடைவெளியில் கார்டுக்கு எதுவும் வந்து சேராது. நீங்கள் காணும் திக்கல் அதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பாதித் தடங்கள் இல்லாமல் போனதும் தொடுமுனை சரியாகத் தொடவில்லை என்பதையே சுட்டுகிறது. சில மதர்போர்டுகளில் இரண்டாவது எஸ்எஸ்டி போட்டால் தடங்கள் பங்கிடப்படுவதுண்டு, ஆனால் உங்களிடம் இருப்பது ஒன்றுதான்.

கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். பயாஸில், கார்டு செருகியிருக்கும் ஸ்லாட்டின் வேகத்தை ஜென் 4 (நான்காம் தலைமுறை) என்பதிலிருந்து ஜென் 3 ஆக்கினால், ஒரு தடத்தின் வேகம் நொடிக்கு 16 ஜிகாடிரான்ஸ்ஃபரிலிருந்து 8 ஆகக் குறையும், பழுதான தொடுமுனையும் அதைத் தாங்கும். எச்சரிக்கைகள் குறைந்தால் கோளாறு இணைப்பில்தான்.

பதில் (வாலிநோக்கம்)

உப்பளத்துப் பக்கத்திலிருந்து ஒரு சொல். சோற்றுப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடல் காற்றில் வரும் உப்பு அதைவிட மோசமானது: அதிலுள்ள மெக்னீசியம் குளோரைடு 33 விழுக்காட்டு ஈரத்திலேயே கசியத் தொடங்கும். உப்பு வாரிய பின் பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீர் எளிதில் காய்ந்து தொலையாததற்கு இதுவே காரணம். வாடைக்காற்று வீசும் மாதங்களில் உங்கள் வடக்குச் சன்னல் வழியே இதுதான் உள்ளே வருகிறது. இரவெல்லாம் அணைந்து கிடக்கும் பெட்டியில் தொடுமுனைகள் ஈரமாகும், ஓடிச் சூடேறினால் ஓரளவு உலரும். காலைத் திக்கலுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

பதில் (கீழக்கரை)

அண்ணன் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். மின் இணைப்பைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிட்டு, ஸ்லாட்டின் ஓரத்திலுள்ள கொக்கியை விடுவித்துக் கார்டை எடுங்கள். நூல் பிரியாத துணியில் 99 விழுக்காட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு, பொன்னிற முனைகளை மேலிருந்து விளிம்பை நோக்கித் துடையுங்கள்; குறுக்காகத் தேய்க்க வேண்டாம். பள்ளிக்கூட ரப்பரால் தேய்ப்பது கடைகளில் பழகிப்போன வழக்கம், எனக்கு அதில் உடன்பாடு இல்லை: மெல்லிய தங்கப் பூச்சு தேயும், ரப்பர்த் துகள் ஸ்லாட்டுக்குள் போகும். ஸ்லாட்டுக்குள் எலக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனர் மட்டும் அடித்து, முழுக்க உலரவிட்டுப் பூட்டுங்கள். ராமையும் இதே கையோடு துடைத்துவிடலாம்.

கேட்டவர்

ஜென் 3 ஆக்கியதும் எச்சரிக்கைகள் வெகுவாகக் குறைந்தன. பிறகு கழற்றிப் பார்த்தால், விளிம்பின் ஒரு பாதியில் முனைகள் பச்சை கலந்து மங்கியிருந்தன. துடைத்துப் பூட்டிய பின் ஜென் 4 வேகத்திலேயே 16 தடமும் வருகின்றன, புதிதாக எச்சரிக்கை எதுவும் பதிவாகவில்லை. புதிய பகுதிகளில் நுழையும்போது மட்டும் சிறு தடங்கல் உள்ளது. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகள் போட்டு வைக்கலாமா? காப்புப் பூச்சு ஸ்பிரே அடிக்கலாமா?

பதில் (கீழக்கரை)

புதிய பகுதியில் வரும் தடங்கல் ஷேடர் வேலை, அதை விட்டுவிடுங்கள். காற்று புகுந்து வெளியேறும் பெட்டியில் சிலிக்கா ஜெல் சீக்கிரமே நிறைந்துவிடும், பயன் இல்லை. காப்புப் பூச்சு தொடுமுனையில் பட்டால் மின்சாரமே பாயாது. அதைத் தொடவே வேண்டாம். தூசி வடிகட்டியும் உப்பை நிறுத்தாது. கணினியைச் சன்னலிலிருந்து உள்சுவர்ப் பக்கம் மாற்றுங்கள், விளையாடாத நாளிலும் சற்று நேரம் ஓடவிடுங்கள், வாடைக்காற்று ஓய்ந்ததும் ஒருமுறை கார்டைக் கழற்றித் துடையுங்கள். டபிள்யுஎச்இஏ பதிவை அவ்வப்போது பார்த்து வாருங்கள். மறுபடி 17 தலைகாட்டினால் கார்டை வேறொரு கணினியில் போட்டுப் பார்த்து, பழுது கார்டிலா ஸ்லாட்டிலா என்று பிரித்த பிறகு பணம் செலவழிப்பதைப் பற்றி யோசிக்கலாம்.