மலாவியில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் 71%-ஐத் தாண்டவில்லை, உதவுங்கள்

வடக்கு மலாவியில், ம்சூசுவிலிருந்து மண்சாலையில் நாலு மணி நேரம் தள்ளி, ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஆறு வாரமாகத் தன்னார்வலராக இருக்கிறேன். நான் நர்ஸ், மெக்கானிக் இல்லை.

குழந்தைகள் வார்டில் இருக்கும் ஒரே கான்சன்ட்ரேட்டரில் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து நிமிடத்துக்கு 5 லிட்டர் வரை தரும் மெஷின்) பத்து நாளாக மஞ்சள் விளக்கு எரிகிறது. ஆக்சிஜன் செறிவை அளக்கும் அனலைசரில் 71%தான் காட்டுகிறது; 90-க்கு மேல் வர வேண்டும். 2 லிட்டருக்குக் குறைத்தால் 84.

ஃபில்டரைக் கழுவியாச்சு (செம்மண் குழம்பாகவே வந்தது). குழாய் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன், கசிவு இல்லை. ஸ்டெபிலைசரும் மாற்றியாச்சு. கம்ப்ரசர் சத்தம் சீராகத்தான் இருக்கிறது. மழைக்காலம் முழுக்க ஸ்டோர் ரூமில் சும்மா கிடந்த மெஷினாம். உள்ளே நைட்ரஜனைப் பிடித்துவைக்கும் ஜியோலைட் மணிகள் ஈரம் குடித்துவிட்டன என்றே நினைக்கிறேன். நிமோனியாக் குழந்தைகளுக்கு இப்போது சிலிண்டர்தான், மூன்றுதான் மீதி.

ஜியோலைட் மணிகளை மட்டும் இங்கேயே மாற்றி நிரப்பலாமா, இல்லை அந்த மணிகள் இருக்கும் உருளைகளை (சீவ் பெட்) இரண்டையுமே புதிதாக வாங்கணுமா?