கையால் வரைந்த புதிர்ப் புத்தகம்: ஸ்கேன் செய்வதில் உதவி வேண்டும்

வணக்கம். இரண்டு வருடமாக ராத்திரி வேலையெல்லாம் முடிந்ததும் உட்கார்ந்து வழி கண்டுபிடிக்கும் புதிர்களை வரைந்து வருகிறேன். 0.3 மி.மீ. கறுப்புப் பேனா, ஏ4 தாள், அவ்வளவுதான். இப்போது 60 சேர்ந்துவிட்டன. அமேசானின் சுயபதிப்புச் சேவையான கேடிபி வழியாக நானே புத்தகமாகக் கொண்டுவர ஆசை.

சிக்கல் ஸ்கேனில்தான். 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) துல்லியத்தில் எடுத்தும் தாளின் வெள்ளை லேசாகச் சாம்பல் பூத்து வருகிறது. அதைப் போக்க கான்ட்ராஸ்ட்டைக் கூட்டினால் மெல்லிய கோடுகள் அங்கங்கே அறுந்துபோகின்றன. மற்ற படமென்றால் பரவாயில்லை. இதில் ஒரு சுவர் அறுந்தால் அங்கே புது வழி திறந்துவிடும், புதிரே கெட்டுவிடும். நேற்று மர வடிவப் புதிர் ஒன்றில், மூன்றாவது கிளைக்குக் கீழே மயிரிழை அளவு இடைவெளி. பெரிதாக்கி விரலை ஓட்டிப் பார்த்த பிறகுதான் கண்ணில் பட்டது.

கணினியில் கோடுகளைத் திரும்ப வரைய எனக்கு மனமில்லை. கையெழுத்து மாதிரி அந்தக் கோணல் அப்படியே இருக்க வேண்டும். ஜிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில், கறுப்பு வெள்ளை அளவை மாற்றும் 'லெவல்ஸ்' வைத்துக் கோடு அறாமல் பின்னணியை மட்டும் வெளுக்க முடியுமா? செய்தவர்கள் என்ன அளவு வைத்தீர்கள்?

அப்புறம் இன்னொன்று. 150 பக்கம் வரை உள்பக்க ஓரம் (தாள்கள் சேரும் பக்கம் விடும் வெற்றிடம்) 0.375 அங்குலம் போதும் என்கிறது கேடிபி. பென்சிலால் வரைந்து தீர்ப்பவருக்கு அது போதுமா, கூடுதலாக விடலாமா?