பக்கத்து வீடுகளின் வாசல் தோட்டம் புதர் மண்டிக் கிடக்கிறது, எப்படிப் பேசுவது?

வேலியோரம் எழுதியது:

வணக்கம். ஏறக்குறைய நாற்பது தனி வீடுகள் கொண்ட குடியிருப்பு வளாகம் ஒன்றில் ஆறு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். வீடுகளுக்கு முன்னால் உயர்ந்த மதில் எழுப்பக் கூடாது என்பது இங்குள்ள விதி. இடுப்பளவு வேலிதான் இருக்கும். ஆகவே ஒரு வீட்டின் வாசல் தோட்டம் எந்த நிலையில் இருந்தாலும், தெருவில் போகிற வருகிற எல்லோர் கண்ணிலும் அது படும். என்னைச் சுற்றியுள்ள மூன்று வீடுகளின் தோட்டங்கள்தாம் என் சிக்கல்.

இடப்பக்க வீட்டில் உரிமையாளரே குடியிருக்கிறார். ஓராண்டுக்கு முன்புவரை தோட்டத்தை நன்றாகப் பராமரித்தவர், இப்போது அதைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. புல் முழங்கால் உயரம் வளர்ந்துவிட்டது; உடைந்த பூந்தொட்டிகளும் இரண்டு பழைய டயர்களும் அதற்குள் மறைந்து கிடக்கின்றன; வேலியில் படர்ந்த கொடி என் பக்கம் இறங்கி ரோஜாச் செடிகளை மூடத் தொடங்கியிருக்கிறது. வலப்பக்க வீடு வாடகைக்கு விடப்பட்டது. குடியிருப்பவர்கள் ஆண்டுதோறும் மாறுகிறார்கள். தோட்டம் யார் பொறுப்பு என்று கேட்டால், உரிமையாளர் குடியிருப்பவரையும் குடியிருப்பவர் உரிமையாளரையும் கை காட்டுகிறார்கள். எதிர்வீடு வேறு விதம். அங்கே இருக்கும் அம்மையார் காட்டுச் செடிகளை வேண்டுமென்றே வளரவிட்டிருக்கிறார். கேட்டால் வண்ணத்துப்பூச்சிகளுக்காக என்கிறார்.

நானும் ஒரு தவறு செய்துவிட்டேன். மூன்று மாதங்களுக்கு முன்பு பொறுமையிழந்து, இடப்பக்கத் தோட்டத்தைப் படம் எடுத்து, இதற்கு ஒரு வழி சொல்லுங்கள் என்று வளாகத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பன்னிரண்டு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். அன்றிலிருந்து அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை; தோட்டமும் அப்படியேதான் இருக்கிறது. சண்டையில்லாமல் இதை எப்படிக் கையாள்வது? கொடியை நானே வெட்டிவிடலாமா? ஆளில்லாத நேரத்தில் களைக்கொல்லி தெளித்துவிடுங்கள் என்று ஒருவர் யோசனை சொன்னார். அது சரியாக எனக்குப் படவில்லை.

மூடாக்கு எழுதியது:

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன்: களைக்கொல்லியைத் தொடாதீர்கள். பிறர் நிலத்தில் மருந்து தெளிப்பது அத்துமீறல் என்பது ஒருபுறம் இருக்க, கிளைபோசேட் போன்ற மருந்து இலை வழியாக உள்ளே இறங்கி வேர்வரை செல்லக்கூடியது. காற்றில் சிதறும் நுண்துளிகள் உங்கள் ரோஜாவின் இலையில் பட்டாலும் அதே வேலையைத்தான் செய்யும். செடி வாடுவது தெரிய ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம் என்பதால், என்ன நடந்தது என்று நீங்கள் உணர்வதற்குள் காலம் கடந்திருக்கும்.

உங்கள் பதிவைப் படித்தபோது, புல்லைவிட அந்த டயர்களே எனக்குக் கவலை தந்தன. முழங்கால் உயரப் புல் கண்ணை உறுத்தும், அவ்வளவுதான். டயரில் தேங்கும் மழைநீரோ டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு மிகவும் பிடித்த இடம். வெப்பமான பருவத்தில் அதன் முட்டை கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாட்கள் போதும். தண்ணீரைக் கவிழ்த்துவிட்டால் தீர்ந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். அந்தக் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையிடுகிறது. அந்த முட்டைகள் காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடு இருந்து, அடுத்த மழையில் நனைந்ததும் பொரிக்கும். ஆகவே தொட்டிகளின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். டயர்களை அப்புறப்படுத்த வேண்டும், முடியாவிட்டால் மழை படாத இடத்துக்கு மாற்ற வேண்டும். பேசப் போகும்போது இந்த ஒன்றை மட்டும் கேளுங்கள். அழகைப் பற்றிப் பேசினால் அது உங்கள் ரசனைக்கும் அவர் ரசனைக்கும் இடையிலான வழக்காகிவிடும். தேங்கிய தண்ணீரைப் பற்றிப் பேசினால் அவர் வீட்டுக் கொசுவும் அதில் சேர்ந்துவிடுகிறது.

கொடியைப் பொறுத்தவரை, ஆங்கிலேயப் பொதுச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில், எல்லையைத் தாண்டி வந்த பகுதியை உங்கள் நிலத்தில் நின்றபடியே வெட்டிக்கொள்ளலாம் என்பது பழைய விதி. லெம்மன் எதிர் வெப் என்ற வழக்கில், அப்போது நாட்டின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமாகவும் இருந்த பிரிட்டனின் பிரபுக்கள் அவை 1894-இல் இதை உறுதிப்படுத்தியது. ஊருக்கு ஊர் சட்டம் மாறும் என்பதால் உள்ளூர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். எப்படியிருந்தாலும் வேலிக்கு அப்பால் கை நீட்டி வேர்வரை வெட்டாதீர்கள். வெட்டிய கழிவை அவர் பக்கம் வீசவும் வேண்டாம். உரிமை இருந்தாலும், வெட்டப் போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்வது நல்லது.

முன்னாள் செயலர் எழுதியது:

ஐந்து ஆண்டுகள் ஒரு குடியிருப்போர் சங்கத்தில் செயலராக இருந்தேன். வந்த புகார்களில் பெரும்பகுதி வண்டி நிறுத்துவது பற்றியும் தோட்டத்தைப் பற்றியும்தான் இருந்தது. இரண்டிலும் தோட்டமே கடினம், ஏனெனில் தவறாக நிறுத்திய வண்டியை எடுத்துவிட்டால் முடிந்தது, புல்லோ மறுபடியும் வளரும்.

உங்கள் வீட்டுப் பத்திரத்தையும் சங்கத்தின் விதிமுறைகளையும் எடுத்துப் படியுங்கள். தோட்டம் நல்ல முறையில் பராமரிக்கப்பட வேண்டும் என்று மட்டும் எழுதியிருந்தால், அதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய இயலாது. எது நல்ல முறை என்பதற்கு நாற்பது வீட்டிலும் நாற்பது விளக்கம் கிடைக்கும். நாங்கள் அந்த வரியை மாற்றினோம். நடைபாதை மீது செடி சாயக் கூடாது, தெருமுனையில் வாகனம் ஓட்டுபவரின் பார்வையை மறைக்கக் கூடாது, உடைந்த பொருட்களை வாசலில் ஒரு மாதத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று, கண்ணால் பார்த்து ஆம் அல்லது இல்லை என்று சொல்லக்கூடியவற்றை மட்டும் எழுதினோம். புகார்கள் பாதியாகக் குறையவில்லை, ஆனால் வாக்குவாதங்கள் குறைந்தன.

வாடகை வீட்டுக்கு நான் ஒரே ஒரு வழியைத்தான் கண்டேன். சங்கத்தின் கடிதம் உரிமையாளருக்குப் போக வேண்டும், நகல் குடியிருப்பவருக்குப் போக வேண்டும். இருவரும் ஒரே தாளைப் படித்த பிறகு கை காட்டுவது கடினமாகிவிடும். அடுத்த வாடகை ஒப்பந்தத்தில் தோட்டப் பராமரிப்பு யாருடைய பொறுப்பு என்று ஒரு வரி சேர்க்கும்படியும் அதே கடிதத்தில் கேளுங்கள். ஆண்டுதோறும் ஆள் மாறுவது உங்களுக்கு இங்கே வசதிதான். ஒப்பந்தமும் ஆண்டுதோறும் புதிதாக எழுதப்படுகிறது அல்லவா?

இடப்பக்க வீட்டுக்குச் சங்கத்தின் மூலம் போகாதீர்கள், இப்போதைக்கு. குழுவில் படம் போட்ட பிறகு கடிதமும் வந்தால், ஊரே சேர்ந்து தன்னை வளைப்பதாகத்தான் அவருக்குத் தோன்றும்.

பெயர் வேண்டாம் எழுதியது:

நான் உங்கள் இடப்பக்க வீட்டுக்காரரைப் போன்றவன். என் மனைவி எட்டு மாதங்கள் நோயுற்றிருந்த காலத்தில், எங்கள் வாசல் தோட்டம் நீங்கள் எழுதியிருப்பதைவிட மோசமாக இருந்தது. காலையில் மருத்துவமனைக்குக் கிளம்பி இரவில் திரும்புகிறவனுக்கு அந்தப் புல் கண்ணில் படாமல் இல்லை. ஒவ்வொரு நாளும் பட்டது. அதை வெட்ட முடியவில்லை என்பது, முடியாமல் போன மற்ற எல்லாவற்றின் பட்டியலில் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது.

அப்போது ஒரு நாள், யார் எழுதியது என்று தெரியாத ஒரு சீட்டு கதவிடுக்கில் இருந்தது: தெருவின் மானம் போகிறது என்று. இன்றுவரை அதை எழுதியவர் யார் என்று எனக்குத் தெரியாது. ஆகவே தெருவில் உள்ள எல்லோரையும் சந்தேகித்துக்கொண்டே பல மாதங்கள் நடந்தேன். அதே மாதத்தில் மூன்றாவது வீட்டுக்காரர் வந்து, சனிக்கிழமை எங்கள் வீட்டில் இயந்திரம் ஓடப் போகிறது, அப்படியே உங்கள் பக்கமும் ஒரு சுற்று ஓட்டிவிடட்டுமா என்று கேட்டார். வீட்டில் என்ன பிரச்சினை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

உங்கள் அண்டை வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் ஏதோ நேர்ந்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. வெறும் சோம்பேறித்தனமாகவும் இருக்கலாம். நன்றாகப் பராமரித்த ஒருவர் திடீரென்று நிறுத்தியிருக்கிறார் என்பதை மட்டும் கவனித்தேன்.

காட்டுப்பூ எழுதியது:

எதிர்வீட்டு அம்மையாரின் சார்பில் சில வார்த்தைகள், ஏனெனில் என் தோட்டமும் அந்த வகைதான். வண்ணத்துப்பூச்சியின் புழு எல்லா இலையையும் தின்னாது; பெரும்பாலான இனங்களின் புழுக்களுக்குக் குறிப்பிட்ட சில செடிகள் மட்டுமே உணவு. எருக்கங்குடும்பச் செடிகளைக் களை என்று பிடுங்கிவிட்டால், அவற்றையே நம்பியிருக்கும் வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி அந்தத் தோட்டத்தில் முட்டையிடாது. பூச்செடியில் தேன் குடிக்க வருவதோடு சரி. ஆகவே அவர் சொல்வது சாக்குப்போக்கு அல்ல.

அதேசமயம், தெருவில் நிற்பவருக்கு இது புரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஜோன் நஸ்ஸாவர் என்ற நிலத்தோற்றக் கலை ஆய்வாளர் 1995-இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். காடு போன்ற தோட்டத்தைச் சுற்றி ஒழுங்கான ஒரு விளிம்பு இருந்தால், உள்ளே இருப்பது அக்கறையோடு விடப்பட்டது என்று பார்ப்பவர் புரிந்துகொள்கிறார் என்பது அவர் கருத்து. நான் செய்ததும் அதுதான்: நடைபாதையை ஒட்டி இரண்டடி அகலத்துக்குப் புல்லைக் குட்டையாக வெட்டி வைத்திருக்கிறேன், வாசலுக்குப் போகும் பாதையில் எதுவும் சாயாமல் கத்தரிக்கிறேன். உள்ளே எல்லாம் அதன் விருப்பம். பழைய புகார்களில் பெரும்பாலானவை அந்த இரண்டடியோடு நின்றுவிட்டன. இதை அவரிடம் குறையாகச் சொல்லாமல் யோசனையாகச் சொல்லிப் பாருங்கள். விளிம்பை வெட்ட நீங்கள் உதவினால் இன்னும் நல்லது.

வேலியோரம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். இடப்பக்க வீட்டுக்குப் போய், படம் போட்டதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டேன். அது நான் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. நோயோ துயரமோ எதுவுமில்லை. அவருடைய புல்வெட்டும் இயந்திரம் பழுதாகியிருக்கிறது. சரிசெய்யலாம் என்று தள்ளிப்போட்டதில் புல் வளர்ந்துவிட்டது. அதற்குள் நான் படம் போட்டேன். இனி வெட்டினால் உங்களுக்குப் பயந்து வெட்டியதாக ஆகும் என்று விட்டுவிட்டேன் என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். ஆக, கடைசி மூன்று மாதப் புல் என் கணக்கில் சேர வேண்டியது!

டயர்களை மறுநாளே எடுத்துவிட்டார். கொடியை இருவரும் சேர்ந்து வெட்டினோம். வாடகை வீட்டுக்கான கடிதத்தைச் சங்கம் எழுதிக்கொண்டிருக்கிறது. எதிர்வீட்டில் இன்னும் பேசவில்லை. வரும் ஞாயிறன்று என் இயந்திரத்தை இடப்பக்க வீட்டுக்காரருக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். முழங்கால் உயரப் புல்லில் அதை அப்படியே ஓட்டலாமா?

மூடாக்கு எழுதியது:

ஓட்டாதீர்கள், உங்கள் இயந்திரமும் பழுதாகும். முதலில் ஒரு கோலை எடுத்துக்கொண்டு புல்லுக்குள் நடந்து, கல், கம்பி, தொட்டித் துண்டு எல்லாவற்றையும் பொறுக்குங்கள். சுழலும் தகட்டில் பட்ட கல் எங்கே பாயும் என்று சொல்ல முடியாது. தவளைகளும் பாம்பும் இருக்க வாய்ப்புண்டு என்பதால் கோலால் தட்டிக்கொண்டே மெதுவாக நடங்கள், உயரமான காலணி அணியுங்கள். பிறகு அரிவாளாலோ பிரஷ்கட்டராலோ மேல்பகுதியை மட்டும் குறையுங்கள். ஒரே தடவையில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாமல், வாரத்துக்கொரு முறையாக இறக்கிக்கொண்டு வந்தால் புல் கருகாது.

புல்லே வேண்டாம் என்று அவர் நினைத்தால் மண்ணைக் கொத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். மண்ணுக்குள் உறங்கும் களை விதைகளில் பல, சற்று நேரம் வெளிச்சம் பட்டாலே முளைக்கத் தொடங்கிவிடும். கொத்துவது அவற்றுக்கு வெளிச்சம் காட்டுவதாகும். வெட்டிய புல்லை நன்றாக உலர்த்தி, அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்த மண்ணின் மேல் நான்கு விரற்கடை உயரத்துக்கு மூடாக்காகப் பரப்பினால் பெரும்பாலான களைகள் அடங்கும். கோரை மட்டும் அடங்காது. அதன் கிழங்குகள் அட்டையையும் துளைத்துக்கொண்டு முளைவிடும். அதைக் கண்ட இடத்தில் மண்ணோடு ஆழமாகத் தோண்டிக் கிழங்கை எடுக்க வேண்டும், மேலே பிடித்து இழுத்தால் இலைதான் கையோடு வரும்.